ஓரடுக்குக் காந்தங்கள்: அடித்தளத்தைக் கணக்கில் சேர்க்காமல் செய்யும் தவறுகள்

2018-இல் ஒரு பெரிய அறிவிப்பு வந்தது. கிராஃபைட்டின் மீதும் மாலிப்டினம் டைசல்ஃபைடின் மீதும் வளர்த்த வனேடியம் டைசெலினைடின் ஒற்றை அடுக்கு, அறை வெப்பநிலையிலேயே வலுவான ஃபெர்ரோ காந்தமாக (இரும்பைப் போல, அணுக்களின் காந்தங்கள் ஒரே திசையில் நிற்பது) இருக்கிறது என்றார்கள். அதன்பின் வேறு குழுக்கள் எக்ஸ் கதிர்களைக் கொண்டு வனேடியம் அணுக்களை மட்டும் தனியாகச் சோதித்தபோது அந்தக் காந்த சிக்னல் கிடைக்கவில்லை. அங்கே தெரிந்தது மின்னூட்ட அடர்த்தி அலைதான் (எலக்ட்ரான்கள் அலைபோல் செறிந்தும் குறைந்தும் அமையும் நிலை). விவாதம் நீண்டது. ஆனால் ஒரு கேள்வி அப்போதே எழுந்திருக்க வேண்டும்: அளந்த காந்தம் அடுக்கிலிருந்து வந்ததா, அதைத் தாங்கும் பொருளான அடித்தளத்திலிருந்து வந்ததா?

இந்தக் கேள்வியைக் கேட்காமல் விடுவதுதான் இந்தத் துறையின் ஆகப் பெரிய தவறு என்பேன். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். குரோமியம் ட்ரைஅயோடைடு ஓரடுக்கை ஸ்காட்ச் டேப்பால் உரித்து எடுக்கிறோம். அளவு 10 மைக்ரான்க்கு 10 மைக்ரான். அதில் சுமார் 50 கோடி குரோமியம் அணுக்கள். ஒவ்வொன்றுக்கும் 3 போர் மேக்னட்டான் (ஓர் அணுவின் காந்தத்தை அளக்கும் அலகு) என்று வைத்தால் மொத்தக் காந்தத் திருப்புத்திறன் ஒரு இ.எம்.யூ.வில் (காந்தத் திருப்புத்திறனின் அலகு) பத்தாயிரம் கோடியில் ஒரு பங்கை ஒட்டித்தான் வரும். மிக நுண்ணிய காந்தத்தை அளக்கும் சாதாரண ஸ்க்விட் கருவியின் எல்லைக்கு இது ஏறக்குறைய ஆயிரம் மடங்கு கீழே. அதே நேரத்தில், அடியில் இருக்கும் 5 மி.மீ. சதுர, அரை மி.மீ. தடிமனான சிலிக்கான் துண்டு 1 டெஸ்லா புலத்தில் தரும் டயா காந்த (புலத்தை எதிர்க்கும் மெல்லிய காந்தம்) சிக்னல் இதைவிடப் பத்து லட்சம் மடங்குக்கும் மேல். எஃகு இடுக்கி உரசியதில் ஒட்டிய ஒரு துகள் போதும், அழகான ஹிஸ்டெரிசிஸ் வளையம் (புலத்தை ஏற்றி இறக்கும்போது ஃபெர்ரோ காந்தம் வரையும் வளைவு) கிடைத்துவிடும். எனவே, அடுக்கு இல்லாத வெறும் அடித்தளத்தை, அதே இடுக்கியால் எடுத்து, அதே வரிசையில் சூடாக்கி, அதே கருவியில் அளக்காமல் எந்த வளையத்தையும் நம்ப வேண்டாம். அளந்த காந்தத்தை அணுவுக்கு இவ்வளவு போர் மேக்னட்டான் என்று மாற்றியும் பாருங்கள். அந்த அயனியால் தரமுடியாத எண் வந்தால் காந்தம் வேறெங்கோ இருக்கிறது.

சரி, ஸ்க்விட் வேண்டாம், லேசரால் கெர் சுழற்சியை (காந்தத்தில் பட்டுத் திரும்பும் ஒளியின் அதிர்வுத் தளம் சற்றுத் திரும்புவது) அளக்கிறோம் என்றால் அங்கும் அடித்தளம் விடாது. சிலிக்கான் மேலிருக்கும் ஆக்சைடு படலத்தில் ஒளி முன்னும் பின்னும் எதிரொளித்துக் குறுக்கிடுகிறது. ஆக்சைடின் தடிமனோ லேசரின் அலைநீளமோ மாறினால், காந்தமாக்கம் மாறாமலேயே கெர் கோணத்தின் அளவு மாறும். குறியே தலைகீழாகவும் கூடும். இரண்டு வேறு சிப்களின் கெர் கோணங்களை நேரடியாக ஒப்பிட்டு, இதில் காந்தம் அதிகம் என்று எழுதுவது தவறு. சிக்னல் மறையும் வெப்பநிலையும், காந்தம் புரளும் புலமும் ஒப்பிட ஓரளவு பாதுகாப்பானவை.

இதுவரை சொன்னது அளவீட்டில் வரும் ஏமாற்றம். அடித்தளம் உண்மையாகவே காந்தத்தை மாற்றுவது வேறு கதை. அடுக்கு கிராஃபீனை (கார்பனின் ஓரணுத் தடிமன் தாள்) தொட்டால் இரண்டுக்கும் இடையே மின்னூட்டம் இடம்பெயரும். 2018-இல் மின்னழுத்தம் கொடுத்துக் காட்டியிருக்கிறார்கள்: குரோமியம் ட்ரைஅயோடைடு ஈரடுக்கு இயல்பில் எதிர் ஃபெர்ரோ காந்தம் (அடுத்தடுத்த அடுக்குகள் எதிரெதிர் திசையில் நிற்பது), சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2.5 × 10¹³ எலக்ட்ரான் ஏற்றினால் வெளிப்புலம் இல்லாமலே ஃபெர்ரோ காந்தமாகிவிடுகிறது. கிராஃபீன் தொடர்பால் இடம்பெயரும் மின்னூட்டமும் 10¹³ என்ற அளவில்தான் வரும். அப்புறம் கிராஃபீனை வெறும் மின்முனை என்று எப்படி விடுவது? இதே காரணத்தால், அந்தரத்தில் மிதக்கும் அடுக்குக்குப் போட்ட கணக்கீட்டை அடித்தளத்தில் ஒட்டிய அடுக்கின் அளவீட்டோடு நேராகப் பொருத்துவதும் சறுக்கும்.

இழுவிசையையும் மறக்கக்கூடாது. சூடான அடித்தளத்தில் வளர்த்துக் குளிர்விக்கும்போது அடுக்கும் அடித்தளமும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. குரோமியம் சல்ஃபைடு புரோமைடை இழுத்தே அதன் அடுக்குகளை எதிர் ஃபெர்ரோ நிலையிலிருந்து ஃபெர்ரோ நிலைக்கு மாற்றியிருக்கிறார்கள்.

போரான் நைட்ரைடால் இருபுறமும் மூடிவிட்டால் தொல்லை தீர்ந்தது என்று நினைப்பவர்கள் நிறைய. காற்றும் ஈரமும் படாமல் அது காக்கும், அது அவசியம்தான். ஆனால் அடுக்குகள் ஒன்றன் மேல் ஒன்று எப்படி அமர்ந்திருக்கின்றன என்பதை அது சொல்லாது. 2019-இல் பாசல் குழு, காந்தப்புலத்தை உணரும் வைர முனையால் குரோமியம் ட்ரைஅயோடைடை வரைபடமாக்கும்போது உறை தற்செயலாகக் குத்துப்பட்டது. அதுவரை ஓரடுக்கின் அளவுக்கே காந்தமாக்கம் காட்டிய பல அடுக்குத் துண்டு, அதன்பின் எல்லா அடுக்குகளும் ஒரே திசையில் நின்றதுபோல் பல மடங்கு காட்டியது. வேதிப்பொருள் மாறவில்லை, அடுக்குகளின் அமைவுதான் மாறியது. அதனால் மாதிரியின் விவரம் எழுதும்போது அடித்தளம், ஆக்சைடின் தடிமன், உறை, குளிர்வித்த முறை இவற்றோடு, அடுக்கமைவை ராமன் நிறமாலையால் (சிதறும் ஒளியிலிருந்து அணுக்களின் அதிர்வுகளை அறியும் முறை) பார்த்தீர்களா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.