டெல்டாவிலிருந்து கணினிப் பாதுகாப்பு வேலைக்கு: எங்கே தொடங்கலாம்?

மன்னார்குடியில் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் வேலை பார்த்த காலத்தில், பக்கத்துக் கிராமத்து ரைஸ் மில்லிலிருந்து ஒருநாள் காலையில் போன் வந்தது. போய்ப் பார்த்தால் கணக்குக் கம்ப்யூட்டரில் ஒரு ஃபைலும் திறக்கவில்லை. திரையில் பணம் கேட்டு ஒரு குறிப்பு. "குறுவைக் கொள்முதல் கணக்கு மொத்தமும் அதுலதாம்பா இருக்கு" என்று முதலாளி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

என்னால் ஃபைல்களை மீட்க முடியவில்லை. ஆனால் விண்டோஸின் ஈவன்ட் வியூவரைத் திறந்து, யார் எப்போது லாகின் செய்தார்கள் என்று பதிவாகும் செக்யூரிட்டி லாக்கைப் பார்த்தேன். இரவு 1:40-லிருந்து 4625, 4625, 4625 என்று வரிசையாக இறங்கிக்கொண்டே போனது. விநாடிக்கு ஒன்று, அட்மின், யூசர், டெஸ்ட் என ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். 3:12-க்கு ஒரே ஒரு 4624. முதல் எண், லாகின் முயற்சி தோற்றது என்பதற்கு. இரண்டாவது, உள்ளே நுழைந்தாயிற்று என்பதற்கு. வீட்டிலிருந்தே கணக்குப் பார்க்க வசதியாக ரிமோட் டெஸ்க்டாப்பை இணையத்துக்குத் திறந்து வைத்திருக்கிறார்கள். பாஸ்வேர்ட், மில்லின் பெயரும் 123-ம்.

இப்போது சென்னையில் ஒரு நிறுவனத்தின் பாதுகாப்புக் கண்காணிப்பு மையத்தில் இருக்கிறேன். அதை எஸ்ஓசி என்பார்கள். அன்று அந்த மில்லில் செய்ததைத்தான் இங்கே ஷிப்ட் முழுக்கச் செய்கிறேன். ஊருக்கு வரும்போதெல்லாம் தம்பி தங்கச்சிகள் கேட்பது, "அண்ணா, எந்த கோர்ஸ்ல சேரலாம்?" என்றுதான்.

கோர்ஸ் அப்புறம். முதலில் நெட்வொர்க். கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று தண்ணீரைப் பிரித்து விடுவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இது சுலபமாகவே பிடிபடும். ரவுட்டர் தண்ணீரைத் திருப்பிவிடும் இடம், போர்ட் மதகு. 22, 53, 443, 445, 3389 ஆகிய மதகுகள் எதற்கு, எதை அடைத்தே வைக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளுங்கள். அந்த மில்லில் திறந்து கிடந்தது 3389, ரிமோட் டெஸ்க்டாப்பின் மதகு. ஐஐடிகள் சேர்ந்து இணையத்தில் நடத்தும் என்பிடெல் பாடங்களை வீட்டிலிருந்தே இலவசமாகப் பார்க்கலாம். இரண்டு மாதம் இதற்கே கொடுங்கள்.

அடுத்து, 8 ஜிபி ரேம் உள்ள லேப்டாப்பில் விர்ச்சுவல்பாக்ஸ் (கம்ப்யூட்டருக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டும் மென்பொருள்) போட்டு, அதற்குள் ஒரு விண்டோஸும், லினக்ஸ் வகையான ஓர் உபுண்டுவும் நிறுவுங்கள். வேண்டுமென்றே பத்து முறை தப்பான பாஸ்வேர்டைப் போடுங்கள். பிறகு லாக்கில் அந்தப் பத்து வரியையும் தேடிப் பிடியுங்கள். எத்தனை மணிக்கு, எந்தப் பெயரில், எங்கிருந்து என்று நேர வரிசையில் ஒரு பக்கத்துக்கு எழுதி வையுங்கள். நூறு ஹேக்கிங் வீடியோ பார்ப்பதைவிட இது மேல்.

எல்லாம் உங்கள் மெஷினில் மட்டும். கல்லூரி வைஃபையோ அடுத்தவர் வெப்சைட்டோ கூடவே கூடாது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 66-ஆம் பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம் உண்டு. வேலைக்கே சேராமல் வழக்கில் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

சரி, சான்றிதழ். கணினிப் பாதுகாப்புச் சான்றிதழ் தரும் ஐஎஸ்சி2 அமைப்பின் சிசி என்ற தொடக்கநிலைத் தேர்வுக்கு முன் அனுபவம் தேவையில்லை. தொடங்க அது போதும். பாஸான பிறகு ஆண்டுக்கு 50 டாலர் கட்ட வேண்டும் என்பதை வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். காம்ப்டியா செக்யூரிட்டி பிளஸ் அடுத்த படி: 90 நிமிடம், அதிகபட்சம் 90 கேள்வி, 900-க்கு 750 எடுத்தால் தேர்ச்சி. கட்டணம் அதிகம், அதனால் கையில் சம்பளம் வந்த பிறகு எழுதுங்கள். வேலை நிச்சயம் என்று லட்சம் கேட்கும் பயிற்சி மையங்களுக்கு நகையை அடகு வைக்காதீர்கள்.

இன்னொன்று, தேர்வுக்குப் பதியும் பெயரும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். நம் இன்ஷியல் ஒன்றில் முன்னால், இன்னொன்றில் பின்னால், மூன்றாவதில் அப்பா பெயராகவே விரிந்து கிடக்கும். பணம் கட்டும் முன் சரிபாருங்கள்.

வேலை தேடும்போது எஸ்ஓசி அனலிஸ்ட், எல்1 (முதல் நிலை) என்ற பெயரில் தேடுங்கள். நைட் ஷிப்ட் இருக்கும். மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022-இல் போட்ட உத்தரவுப்படி, பாதுகாப்புச் சம்பவத்தைக் கண்டறிந்த 6 மணி நேரத்துக்குள் அந்த அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும். அதனால் இரவு மூன்று மணிக்கும் யாராவது விழித்திருக்கத்தான் வேண்டும்.

இன்டர்வியூவுக்குப் போகும்போது, எழுதி வைத்த அந்த ஒரு பக்கத்தைப் பிரின்ட் எடுத்து பயோடேட்டாவோடு கொண்டு போங்கள். 4625-க்குப் பிறகு 4624 வந்தால் என்ன செய்வாய் என்றுதான் என்னிடமும் கேட்டார்கள். நான் ரைஸ் மில் கதையைச் சொன்னேன்.