போன்ல காஞ்சிப் பட்டு வாங்குறீங்களா, மொதல்ல புடவைய திருப்பிக் காட்டச் சொல்லுங்க

கல்யாண சீசன் வந்தா போதும், வாட்ஸ்அப்ல "நேரா தறியிலேருந்து"ன்னு பட்டுப்புடவை போட்டோவா வந்து கொட்டும். நெஜமாவே நெசவு வீட்டுப் பிள்ளைங்க தறிய காட்டி விக்கிறதும் அதுல இருக்கு, எங்கயோ பவர்லூம்ல ஓட்டுன சரக்க காஞ்சிபுரம்னு தள்ளி விடுறதும் இருக்கு.

மொதல்ல விவரத்த படிங்க. ஆர்ட் சில்க், செமி சில்க், காஞ்சி ஸ்டைல்னு போட்டிருந்தா அது முழுப் பட்டு இல்ல. தெரிஞ்சே வாங்குனா தப்பில்ல, வெலைக்கு அது நல்லாவே இருக்கும், பட்டு வெலை குடுத்து வாங்குனாதான் வயித்தெரிச்சல்.

அடுத்து வீடியோ கால். பகல்ல, ஜன்னல் வெளிச்சத்துல, புடவை பக்கத்துல ஒரு வெள்ளப் பேப்பர் வச்சுக் காட்டச் சொல்லுங்க. பேப்பர் மஞ்சளாவோ நீலமாவோ தெரிஞ்சா புடவைக் கலரும் பொய்தான். அப்புறம் கேக்க வேண்டியது பின்பக்கம், அங்கதான் எல்லாமே இருக்கு. கோர்வைப் புடவைன்னு சொன்னா உடலுக்கு ஒரு நாடா (குறுக்கு நூல, அதாவது ஊடு நூல, கொண்டு போற தறிக் கட்டை), ரெண்டு கரைக்கும் தனித்தனி நாடான்னு மூணு ஓடணும், அதனால உடலும் கரையும் சேர்ற எடத்துல ரெண்டு கலர் நூலும் ஒண்ண ஒண்ணு கோத்துப் பிடிச்சிருக்கும், அந்தக் கோடு லேசா ஏறி எறங்கித்தான் வரும். ஒத்த நாடாவுல நெய்ததா இருந்தா உடல் கலர் ஊடு நூல் கரைக்குள்ளயும் ஓடும், கரைக் கலர் கொஞ்சம் கலங்குன மாதிரி தெரியும். அது போலின்னு அர்த்தம் இல்ல, ஆனா கோர்வை வெலை குடுக்காதீங்க. ஓரத்துல வரிசையா சின்னச் சின்ன ஊசி ஓட்டை இருக்கான்னும் பாருங்க, கைத்தறில துணிய இழுத்துப் பிடிக்கிற குச்சியோட தடம் அது.

இனி லேபிள். நெறைய பேரு கோட்டை விடுறது இங்கதான். மத்தியப் பட்டு வாரியத்தோட சில்க் மார்க் லேபிள்ல ஹாலோகிராமும் நம்பரும் இருக்கும், ஆனா அது சொல்றது நூல் சுத்தப் பட்டுன்னு மட்டுந்தான். கைத்தறியா பவர்லூமா, காஞ்சிபுரமா வேற ஊரா, ஜரிகை நல்லதா, எதையும் அது சொல்லாது. கைத்தறிக்கு ஹேண்ட்லூம் மார்க் தனி. காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு, அதாவது இந்த ஊர்ப் பொருள்ங்கிற அடையாளம், இருக்கு, அது தனிக் கணக்கு. விக்கிறவர் சில்க் மார்க்க மட்டும் காட்டி "எல்லாம் ஒரிஜினல்"னு சொன்னா மத்ததையும் கேளுங்க, கோவிச்சுக்கிட்டா வேற ஆள பாருங்க.

ஜரிகைய கண்ணால பாத்து சொல்லவே முடியாது. நல்ல ஜரிகைன்னா பட்டு நூல் மேல வெள்ளி சுத்தி தங்க முலாம் போட்டது, கம்மி வெலைக்கு செம்புக் கம்பியும் பிளாஸ்டிக்கும் வருது. எக்ஸ்ரே கதிரால உலோகத்த அளக்குற எக்ஸ்ஆர்எஃப் மெஷின்ல வச்சா புடவைக்கு ஒரு சேதாரமும் இல்லாம தங்கம், வெள்ளி, செம்பு எத்தன சதவீதம்னு காட்டிடும். பெரிய தொகைன்னா அந்த ரிப்போர்ட்டோடதான் வேணும்னு சொல்லுங்க.

பார்சல் வந்ததும் பிரிக்கிறத வீடியோ எடுத்துக்குங்க. முந்தி ஓரத்துல தொங்குற ஒரு நூல பிச்சு கொளுத்திப் பாருங்க, முடி கருகுற வாசம் வந்து சாம்பல் பொடியா உதிர்ந்தா பட்டு, உருகி மணியா கெட்டிப்பட்டா பாலியஸ்டர். ஜரிகை ரிப்போர்ட்ட மட்டும் பில்லோட பத்திரமா வைங்க, பின்னாடி பழைய பட்டு எடுக்கிறவங்க வெள்ளிக்குத்தான் காசு தருவாங்க, அப்ப பேரம் பேச உங்க கையில ஏதாச்சும் இருக்கணும்ல.