ஸ்கேனில் ‘சாக்லேட் சிஸ்ட்’ என்று வந்தால்

எனக்கு இடது சினைப்பையில் 3 செ.மீ. கட்டி. உள்ளே பழைய ரத்தம், டிகாஷன் நிறத்தில்; அதனால்தான் ‘சாக்லேட் சிஸ்ட்’ என்று பெயர். கட்டி இருந்தாலே குழந்தை பிறக்காது என்றில்லை. பலருக்கு இயல்பாகவே கரு தங்குகிறது.

ரிப்போர்ட்டில் அளவையும், ஒரு பக்கமா இரு பக்கமுமா என்பதையும் பாருங்கள். ஆபரேஷன் என்றால், கையெழுத்துப் போடும் முன் ஏ.எம்.எச். ரத்தப் பரிசோதனை கேளுங்கள்; சினைப்பையில் முட்டை இருப்பு எவ்வளவு என்று அது காட்டும். கட்டியின் சுவரை உரிக்கும்போது ஒட்டியிருக்கும் நல்ல முட்டைகளும் கொஞ்சம் போய்விடும்; இரு பக்கமும் என்றால் இழப்பு இன்னும் கூடும். ஐ.வி.எஃப். (சோதனைக்குழாய் முறை) நன்றாக அமையட்டும் என்பதற்காக மட்டும் கட்டியை எடுக்கத் தேவையில்லை. வலி தாங்கவில்லை, ஸ்கேனில் புற்றுநோயோ என்று சந்தேகம் என்றால் கதை வேறு.

கஷாயத்தில் கரைந்துவிடும் என்கிறார் என் அத்தை. சரி அத்தை, ஆனால் அதற்கு ஆதாரம் இல்லை!

அப்புறம், ஹார்மோன் மாத்திரை வலியைக் குறைக்கும். கருமுட்டை வெளிவருவதையும் தடுக்கும். இப்போதே குழந்தை வேண்டும் என்பவர்களுக்கு அது உதவாது.