பெரிய பட்ஜெட் ஆர்பிஜிகள் விற்பனையில் சறுக்குவது ஏன்? தவிர்த்திருக்கக்கூடிய சில தவறுகள்

2012 பிப்ரவரியில் ‘கிங்டம்ஸ் ஆஃப் அமலூர்: ரெக்கனிங்’ என்ற ஆர்பிஜி, அதாவது ஒரு கதாபாத்திரமாகவே வாழ்ந்து ஆடும் ரோல் பிளேயிங் கேம், வெளிவந்தது. புது உலகம், அதுவரை யாரும் கேள்விப்படாத பெயர். அப்படியிருந்தும் முதல் 90 நாட்களில் 12 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. முதல் முயற்சிக்கு இது நல்ல விற்பனைதான். ஆனால் அதே ஆண்டு ஜூனில், அதன் பின்னால் இருந்த 38 ஸ்டுடியோஸ் நிறுவனம் திவால் மனு கொடுத்தது. அந்த நிறுவனத்தின் 7.5 கோடி டாலர் கடனுக்கு அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலம் பொறுப்பேற்றிருந்தது. போட்ட காசை எடுக்கவே 30 லட்சம் பிரதிகள் விற்றிருக்க வேண்டும் என்றார் அப்போதைய ஆளுநர் லிங்கன் சேஃபி. நிறுவனமோ ‘கோப்பர்னிக்கஸ்’ என்ற பெயரில் பிரம்மாண்டமான ஓர் ஆன்லைன் கேமையும் கட்டிக்கொண்டிருந்தது. அது வெளிவரவே இல்லை. அதன் சுமையும் அமலூரின் தலையில்தான் விழுந்தது.

‘எதிர்பார்த்த விற்பனை இல்லை’ என்ற செய்தியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அமலூர்தான் நினைவுக்கு வரும். எதிர்பார்த்தது யார், எவ்வளவு, எதை வைத்து? ரிலீஸான வாரத்தில் எல்லோரும் விமர்சன மதிப்பெண்ணையும் டிரெய்லரையும் பற்றிப் பேசுகிறோம். உண்மையான தவறுகள் அதற்குப் பல வருடங்களுக்கு முன்பே நடந்து முடிந்திருக்கும்.

செலவைப் பார்த்து விற்பனை இலக்கை எழுதுவது

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். கேமின் விலை 70 டாலர். ஸ்டீம் போன்ற டிஜிட்டல் கடைகள் பொதுவாக 30 சதவீதம் எடுத்துக்கொள்ளும். மிச்சம் 49 டாலர். தயாரிப்புச் செலவு 20 கோடி டாலர் என்றால், சுமார் 41 லட்சம் பேர் முழு விலை கொடுத்து வாங்கினால்தான் அசல் தேறும். வரி, திருப்பிக் கொடுக்கும் பணம், விளம்பரச் செலவு எதுவும் இதில் இல்லை. சரி, பாதி விலைத் தள்ளுபடி வரட்டும் என்று எல்லோரும் காத்திருந்தால்? ஒரு பிரதிக்கு 24.50 டாலர்தான் கைக்கு வரும். அதே செலவை எடுக்க சுமார் 82 லட்சம் பேர் வேண்டும்.

20 கோடி என்பது மிகையான எண் இல்லை. ‘ஹொரைசன் ஃபர்பிடன் வெஸ்ட்’ கேமுக்கு 21.2 கோடி டாலர் செலவானது 2023இல் ஒரு நீதிமன்ற ஆவணத்தின் வழியாக வெளியே தெரிந்தது. அது 84 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றுத் தப்பித்தது. எல்லாத் தொடர்களுக்கும் அவ்வளவு பெரிய ரசிகர் கூட்டம் கிடையாது.

இங்கேதான் முதல் தவறு நடக்கிறது. ‘இந்தத் தொடரை இதுவரை எத்தனை பேர் வாங்கியிருக்கிறார்கள், அதற்குள் எவ்வளவு செலவு செய்யலாம்’ என்று கேட்க வேண்டும். அதை விட்டுவிட்டு, ‘இவ்வளவு செலவாகிவிட்டது, அதனால் இத்தனை பேர் வாங்கியாக வேண்டும்’ என்று தலைகீழாக எழுதுகிறார்கள். வாங்குகிறவருக்கு அந்த எண் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

பாதி வழியில் கேமின் குணத்தை மாற்றுவது

இதற்கு ‘டிராகன் ஏஜ்: தி வெயில்கார்ட்’ போல வலிக்கிற உதாரணம் வேறில்லை. முந்தைய பாகமான ‘இன்க்விசிஷன்’ வந்தது 2014 நவம்பரில். அடுத்தது கடைக்கு வந்தது 2024 அக்டோபர் 31இல், கிட்டத்தட்ட பத்து வருடம் கழித்து. அந்தப் பத்து வருடமும் ஒரே கேமைச் செதுக்கிக்கொண்டிருக்கவில்லை. முதலில் தனியாக ஆடும் கதைக் கேமாகத் தொடங்கியது. 2017இல் அதை ஓரம்கட்டி, பலர் சேர்ந்து ஆடும் லைவ் சர்வீஸ் கேமாக, அதாவது ஆன்லைனில் புதுப்புது விஷயங்களைச் சேர்த்துக்கொண்டே போகும் கேமாகத் திருப்பினார்கள். 2019இல் அதே பயோவேர் ஸ்டுடியோவின் ‘ஆந்தம்’ சறுக்கிய பிறகு, மறுபடியும் தனியாக ஆடும் கேமாகவே மாற்றினார்கள். பெயர்கூட நிலைக்கவில்லை. ‘டிரெட்வூல்ஃப்’ என்று அறிவித்திருந்ததை, ரிலீஸுக்கு ஐந்து மாதத்துக்குள் ‘தி வெயில்கார்ட்’ என்று மாற்றினார்கள்.

வீடு கட்டும்போது நடுவில் கடையாக மாற்றி, திரும்பவும் வீடாக மாற்றினால் தூண்கள் எங்கெங்கோ நிற்கும். வெளிப் பூச்சு எவ்வளவு அழகாக இருந்தாலும், உள்ளே நடக்கிறவருக்கு அது இடிக்கும்.

ஒரு விஷயத்தை மட்டும் கிட்டப்போய்ப் பார்க்கலாம். டிராகன் ஏஜ் ரசிகர்கள் 2009இல் முதல் பாகம் வந்ததிலிருந்து கதையில் முடிவெடுத்து வந்தவர்கள். ஃபெரெல்டன் என்ற நாட்டின் சிம்மாசனத்தில் அலிஸ்டரை உட்கார வைப்பதா, அனோராவையா? யாரைக் காப்பாற்றுவது, யாரைக் கைவிடுவது? அடுத்தடுத்த பாகங்களில் அந்த முடிவுகளுக்குப் பதில் கிடைத்தது. ‘இன்க்விசிஷன்’ வந்தபோது, முந்தைய பாகங்களில் எடுத்த முடிவுகளை வரிசையாக நிரப்பிக் கொண்டுவர ஒரு தனி வலைக் கருவியே இருந்தது. ‘வெயில்கார்ட்’ கேட்டது மூன்றே மூன்று: முந்தைய பாகத்தில் நாம் ஆடிய இன்க்விசிட்டரின் காதல் யார், தான் தலைமை தாங்கிய அமைப்பைக் கலைத்தாரா, பழைய கூட்டாளி சோலாஸ் விஷயத்தில் என்ன சபதம் எடுத்தார். மூன்றும் ‘இன்க்விசிஷன்’ தொடர்பானவை. அதற்கு முந்தைய இரண்டு கேம்களின் சிம்மாசனமும் போரும் கணக்கிலேயே வரவில்லை.

வெளியிலிருந்து பார்த்தால் இது சின்ன விஷயம். புதிதாக வருகிறவர் குழம்பக் கூடாது என்று நியாயமும் சொல்லலாம். ஆனால் முதல் நாளே முழு விலை கொடுத்து வாங்கி, நண்பர்களிடம் ‘கட்டாயம் ஆடு’ என்று சொல்லப்போகிறவர் பழைய ரசிகர்தான். ‘உன் பதினைந்து வருட முடிவுகள் இனி தேவையில்லை’ என்று அவரிடம் சொல்லிவிட்டால், புதியவருக்கு இதைப் பற்றி யார் சொல்வார்கள்? ஆர்பிஜி என்றாலே நாம் செய்தது எங்கோ நிற்கும் என்ற நம்பிக்கைதானே.

2025 ஜனவரியில், ‘வெயில்கார்ட்’டை வெளியிட்ட எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் அறிவித்த எண் 15 லட்சம் பேர். எதிர்பார்த்ததில் ஏறக்குறைய பாதி. இங்கே வாசகர்கள் செய்யும் தவறையும் சொல்லிவிட வேண்டும். அது விற்ற பிரதிகளின் எண்ணிக்கை இல்லை, ஆடியவர்களின் எண்ணிக்கை. மாதச் சந்தாவில் ஆடியவரும் முழு விலைக்கு வாங்கியவரும் ஒரே எண்ணுக்குள் கலந்திருக்கலாம். அதேபோல ‘ஷிப்’ செய்ததாகச் சொல்லப்படும் எண்ணில், கடைக்கு அனுப்பி இன்னும் விற்காத டிஸ்க்குகளும் அடங்கும். எண்ணைவிட அதன் பக்கத்தில் இருக்கும் வினைச்சொல்லைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

ஒரே கதவைத் திறந்து வைப்பது

‘ஃபைனல் ஃபேண்டஸி 7 ரீமேக்’ 2020 ஏப்ரலில் பிளேஸ்டேஷன் 4க்கு வந்தது. மூன்றே நாளில் 35 லட்சம். அதன் தொடர்ச்சியான ‘ரீபர்த்’ 2024 பிப்ரவரி 29இல் பிளேஸ்டேஷன் 5க்கு மட்டும் வந்தது. இரண்டாம் பாகத்தை வாங்க வேண்டுமென்றால், முதல் பாகத்தை முப்பது நாற்பது மணி நேரம் ஆடி முடித்திருக்க வேண்டும், புதுக் கன்சோலும் வாங்கியிருக்க வேண்டும். இரண்டு சல்லடையில் சலித்த பிறகு மிஞ்சுகிற கூட்டத்திடம் முதல் பாகத்தின் விற்பனையை எதிர்பார்ப்பது நியாயமே இல்லை. கணினிப் பதிப்பு வர 2025 ஜனவரி ஆனது. விமர்சகர்கள் கொண்டாடிய கேம் அது. அப்படிப்பட்ட கேமே எதிர்பார்த்த அளவு விற்காதது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

2023 ஜூனில் வந்த ‘ஃபைனல் ஃபேண்டஸி 16’ கதையும் ஏறக்குறைய இதுதான். முதல் வாரத்தில் 30 லட்சம், அதன் பிறகு எதிர்பார்த்த வேகம் இல்லை. 2024 மே மாதம், இந்தத் தொடரை வெளியிடும் ஸ்கொயர் எனிக்ஸ் தன் வழியை மாற்றி, இனி பெரிய கேம்களைப் பல தளங்களில் வெளியிடுவதாக அறிவித்தது.

ரிலீஸ் தேதியையும் பலர் காரணமாகச் சொல்வார்கள். அறுபது மணி நேரம் கேட்கும் இரண்டு கேம்களை ஒரே மாதத்தில் யாரும் ஆட முடியாது என்பது உண்மைதான். ஆனால் ‘கிளேர் அப்ஸ்கியூர்: எக்ஸ்பெடிஷன் 33’ 2025 ஏப்ரல் 24இல் வந்தபோது, ‘ஆப்ளிவியன் ரீமாஸ்டர்ட்’ திடீரென இறங்கி இரண்டே நாள் ஆகியிருந்தது. அப்படியும் மூன்று நாளில் 10 லட்சம் பிரதிகள் விற்றது. அதனால் தேதியை ஒரு பெரிய சாக்காக நான் எடுத்துக்கொள்வதில்லை. முடிக்காத கேமை அவசரமாக வெளியிடுவது வேறு விஷயம். 2020 டிசம்பரில் ‘சைபர்பங்க் 2077’ பிளேஸ்டேஷன் கடையிலிருந்தே தூக்கப்பட்டு, ஆறு மாதம் கழித்துத்தான் திரும்பி வந்தது. அந்தப் பெயரை மீட்க, அதைச் செய்த சிடி பிராஜெக்ட் வருடக்கணக்கில் உழைக்க வேண்டியிருந்தது.

தோல்வியிலிருந்து தப்பான பாடம் எடுப்பது

எனக்கு அதிகம் கவலை தருவது இதுதான். ‘வெயில்கார்ட்’ சறுக்கிய பிறகு, எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் தலைவர் ஆண்ட்ரூ வில்சன் முதலீட்டாளர்களிடம் பேசினார். வழக்கமான ரசிகர்களைத் தாண்டிப் போக வேண்டுமென்றால், நல்ல கதையோடு பலர் பகிர்ந்து ஆடும் உலகமும் வேண்டும் என்ற பொருளில் சொன்னார். அந்தப் பாதையில் போய்த்தானே அந்த கேம் பல வருடங்களை இழந்தது!

அதற்கு ஒரு வருடம் முன்பு கொண்டாடப்பட்ட ‘பால்டர்ஸ் கேட் 3’இல் இருப்பவை டர்ன் பேஸ்டு சண்டை (ஒருவர் முறை முடிந்து அடுத்தவர் முறை வரும் சண்டை), பக்கம் பக்கமாக உரையாடல், பகடை உருட்டல் என்று எல்லாமே ‘பொதுவானவர்களுக்குப் பிடிக்காது’ எனக் கழிக்கப்படும் சமாச்சாரங்கள். அதிலும் நான்கு பேர் சேர்ந்து ஆடலாம், மறுக்கவில்லை. ஆனால் தனியாக ஆடுகிறவர் எதையும் இழப்பதில்லை. ‘எக்ஸ்பெடிஷன் 33’ஐச் செய்த சாண்ட்ஃபால் சுமார் முப்பது பேர் கொண்ட ஸ்டுடியோ. விலை 50 டாலர். அப்புறம் உடனே ‘முப்பது பேர் போதும்’ என்று கிளம்பிவிடவும் கூடாது. இசை, அனிமேஷன், சோதனை என்று வெளியிலிருந்து உழைத்தவர்களும் நிறையப் பேர்.

‘பால்டர்ஸ் கேட் 3’ஐ, அதைச் செய்த லேரியன் ஸ்டுடியோ முதலில் விற்றது 2020 அக்டோபரில், முதல் அத்தியாயத்தை மட்டும். அப்போது வாங்கியவர்கள் கிட்டத்தட்ட மூன்று வருடம் அந்த ஒரே கடற்கரையையும் தோப்பையும் சுற்றிச் சுற்றி ஆடி, எது பிடித்தது, எது உறுத்தியது என்று எழுதி அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். முழு கேம் 2023 ஆகஸ்டில் வருவதற்குள், யாருக்காகச் செய்கிறோம் என்பது லேரியனுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.