முதல் நாளே ஐந்து கிலோமீட்டர் வேண்டாம்

போன வருஷம் ஆடியில் அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்தது. "தினமும் நடங்கம்மா" என்றார் டாக்டர். அன்று மாலையே புது ஷூ வாங்கினோம். மறுநாள் விடிகாலை கோவை ரேஸ் கோர்ஸ் நடைபாதையில் இரண்டு சுற்று அழைத்துப் போனேன். ஒரு சுற்றே சுமார் இரண்டரை கிலோமீட்டர். வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றினால் வலது குதிகாலில் எட்டணா அளவுக்குக் கொப்புளம். கெண்டைக்கால் இரண்டும் கல்லாக இறுகியிருந்தன. பெட்டிக்குள் போன ஷூ மூன்று மாதம் வெளியே வரவில்லை.

அம்மா சோம்பேறி இல்லை. விடிவதற்குள் வாசல் தெளித்துக் கோலம் போட்டு முடிக்கிறவர். தப்பு, நான் வைத்த அளவில். உடற்பயிற்சியை விட்டுவிட்ட பலரிடமும் கேட்டுப் பாருங்கள், ஆரம்பித்த வேகத்தில்தான் நின்றிருப்பார்கள். மூச்சு சில வாரங்களில் பழகிவிடும். தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண்கள் அவ்வளவு சீக்கிரம் பழகாது. அதனால்தான் உற்சாகம் உச்சத்தில் இருக்கும்போதே முட்டியும் குதிகாலும் வலிக்கத் தொடங்குகின்றன.

வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு என்பது பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்ன அளவு. அது போய்ச் சேர வேண்டிய இடம். முதல் வாரத்துக் கணக்கு அல்ல. ஒரேயடியாகப் பத்து நிமிடமாவது செய்தால்தான் சேரும் என்ற பழைய நிபந்தனையையும் அப்போது எடுத்துவிட்டார்கள். ஐந்து நிமிடமும் கணக்கில் உண்டு. தினமும் பத்தாயிரம் அடி எடுத்துவைக்க வேண்டும் என்பதும் மருத்துவர் எழுதிக் கொடுத்த அளவாகப் பிறந்ததில்லை. 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவி ஒன்றின் பெயரிலிருந்து பரவியது. நாலாயிரம் அடி நடந்துவிட்டு 'இன்னும் ஆறாயிரம் பாக்கி' என்று நொந்துகொள்ள வேண்டியதில்லை.

அடுத்தது, 21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும் என்ற நம்பிக்கை. இருபத்திரண்டாம் நாளும் எழுந்திருக்கக் கஷ்டமாக இருந்தால் 'எனக்கு இது வராது' என்று முடிவு கட்டிவிடுகிறோம். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2010-இல் வெளியானது. ஒரு செயல் தன்னியல்பாக வர நடுத்தரமாக 66 நாள் ஆனது. ஆளைப் பொறுத்து 18 முதல் 254 நாள் வரை. அதே ஆய்வில் எனக்குப் பெரிய ஆறுதல் தந்தது இன்னொன்று: நடுவில் ஒருநாள் விட்டுப்போனதால் பழக்கம் குலையவில்லை. ஒருநாள் தவறியதற்காக 'அடுத்த மாசம் ஒண்ணாந்தேதியிலிருந்து' என்று தள்ளிப்போடுகிறோமே, கெடுப்பது அதுதான்.

'நேரம் கிடைக்கும்போது நடக்கிறேன்' என்பதும் நடக்காத பேச்சு. ஏற்கெனவே தவறாமல் செய்யும் ஒரு வேலையோடு சேர்த்து முடிச்சுப் போடுங்கள். ஐப்பசியில் அம்மாவுக்கு அப்படித்தான் செய்தோம். ராத்திரி சாப்பிட்டு, பாத்திரத்தைத் தொட்டியில் ஊறப்போட்டதும், தெருமுனைப் பிள்ளையார் கோயில் வரை போய்த் திரும்புவது. பத்தே நிமிடம். சாப்பிட்டபின் நடந்தால் வேலை செய்யும் தசைகள் ரத்தத்திலிருக்கும் சர்க்கரையை இழுத்துக்கொள்வதால், அது ஏறும் வேகம் மட்டுப்படுகிறது. இன்சுலினோ சில வகைச் சர்க்கரை மாத்திரைகளோ எடுப்பவர்களுக்குச் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடலாம். டாக்டரிடம் கேட்டுவிட்டு, சட்டைப்பையில் இரண்டு மிட்டாயோடு கிளம்புங்கள். வந்ததும் கொப்புளமோ புண்ணோ இருக்கிறதா என்று உள்ளங்காலைப் பார்த்துவிடுங்கள். நடக்கையில் நெஞ்சு வலித்தாலோ இறுக்கினாலோ உடனே நின்று மருத்துவமனைக்குப் போக வேண்டும். வாயு என்று சோடா குடித்துக் காத்திருக்கக் கூடாது.

மழைக்கு முன்கூட்டியே வழி வைக்காததும் நம்மூரில் பெரிய தவறு. தீபாவளிப் பலகாரமும் அடைமழையும் சேர்ந்து வரும் நேரத்தில் எத்தனையோ பேர் விட்டுவிடுகிறார்கள். அம்மாவுக்கு மழைநாள் கணக்கு, முன்வாசலிலிருந்து பின்கட்டு வரை இருபது தடவை. ஐந்து நிமிடம்கூட ஆகாது. ஆனாலும் சாப்பாட்டுக்குப் பின் கால் தானாக எழுந்துவிடுகிறது.

நடையோடு நிறுத்திக்கொள்வதும் குறைதான். வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வேலை வேண்டும். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்கார்வதில் தொடங்கலாம். தினமும் எடை பார்த்துச் சோர்ந்துபோகாதீர்கள். நடையால் மட்டும் எடை மளமளவென்று இறங்காது. தூக்கமும் மாடிப்படி ஏறும்போது வாங்கும் மூச்சும்தான் முதலில் மாறும்.

அம்மாவின் பத்து நிமிடம் தையில் இருபதானது, இப்போது முப்பது. போன ஞாயிறு மறுபடி ரேஸ் கோர்ஸ் போனோம். ஒரு சுற்று முடித்ததும் நான் இரண்டாவது சுற்றுக்குத் திரும்பினேன். அம்மா பெஞ்சில் உட்கார்ந்து ஷூ நாடாவைத் தளர்த்திக்கொண்டே சொன்னார்: "போதுஞ்சாமி, ராத்திரிக்கும் நடக்கோணுமில்ல."