பத்து எண்டிங் வச்சாச் சுதந்திரமோ? கேம் செய்யிறவை விடுற பிழையள்

யாழ்ப்பாணத்தில யூனிட்டி, கோடோ எண்ட கேம் செய்யிற சொஃப்ட்வெயர் பழகி சொந்தமா கேம் செய்ய வெளிக்கிட்ட பெடியளோட கதைச்சா முதல் வாற வசனம் "அண்ணை, எங்கட கேமில பத்து எண்டிங்" எண்டுதான், பிளேயர் எடுக்கிற முடிவைப் பொறுத்து கதை பத்து விதமா முடியுமாம். சரி இருக்கட்டும், ஆனா பிளேயர் செய்தது ஒண்டாவது கேமுக்கு ஞாபகம் இருக்கோ எண்டு கேட்டா முழுசுவினம். பெரிய பிழை இதுதான், சொய்ஸைக் கூட்டிக்கொண்டே போறது, அதுக்குப் பதில் குடுக்காமல் விடுறது.

2012 இல வந்த டெல்டேல் கொம்பனியின்ர த வோக்கிங் டெட் கேமை எடுங்கோ. முதல் எபிசோட்டில டக், கார்லி ரெண்டு பேரில ஒராளைத்தான் காப்பாத்தலாம், நெஞ்சு பதறும், ஆனா ஆரைக் காப்பாத்தினாலும் மூண்டாம் எபிசோட்டில அந்த ஆளும் செத்துப்போகும். முதல்தரம் விளையாடேக்க தெரியாது, ரெண்டாந்தரம் விளையாடினவனுக்கு விசர்தான் வரும் (எண்டாலும் அதில வாற சின்னப் பிள்ளை கிளெமன்டைனுக்காக எனக்கு அந்தக் கேம் பிடிக்கும்). 2015 இல வந்த அண்டர்டேல் இதுக்கு நேரெதிர். தொடக்கத்தில தாய் மாதிரிப் பாத்துக்கொள்ளுற டொரியலைக் கொண்டுபோட்டு, பேந்து மனசு கேக்காமல் முதல் சேவ் பண்ணி வச்ச இடத்தைத் திருப்பி லோட் பண்ணி அவவை உயிரோட விட்டாலும், அங்கால வரேக்க ஃபிளவி எண்ட பூ நிண்டு, நீ முதல் செய்தது எனக்குத் தெரியும் எண்டு குத்திக்காட்டும். பெரிய கிராஃபிக்ஸ் ஒண்டும் இல்லை, பிளேயர் செய்ததைக் குறிச்சு வைக்க ஒரு வேரியபிளும் நாலு வரி டயலொக்கும் இருந்தா உங்களாலயும் ஏலும்.

அடுத்தது அவசரக் கதை. "அம்மாக்கு கடுமை, கெதியா பெரியாஸ்பத்திரிக்கு ஓடு" எண்டு கதை சொல்லும், பிளேயர் பண்ணைக் கடலடியில நிண்டு மூண்டு நாளா மீன் பிடிப்பான், அம்மாவும் அப்பிடியே காத்துக்கொண்டிருப்பா. த விட்சர் 3 மாதிரிப் பெரிய கேமிலயே, மகள் மாதிரி வளத்த சிரியைத் தேடித் திரியிற மனுசன் ஊரூரா குவெண்ட் சீட்டு விளையாடலாம். உலகத்தைத் திறந்து விடுறதெண்டா அவசரத்தைக் குறையுங்கோ, இல்லாட்டி உண்மையா நேரத்தை ஓட விடுங்கோ. 2017 இல வந்த பிரெத் ஒஃப் த வைல்ட் இதை வடிவாச் சமாளிச்சிருக்கு, இளவரசி செல்டா ஏற்கனவே 100 வருசமா கானன் எண்ட வில்லனைத் தடுத்து வச்சிருக்கிறா, அதால நீங்கள் இன்னும் கொஞ்சம் மலையேறித் திரிஞ்சாலும் கதை உடையாது, விருப்பமெண்டா தொடக்க மேட்டால இறங்கி நேர கோட்டைக்கே போய் அடிபடலாம்.

இன்னொரு பிழை, உலகத்தைத் திறந்து விட்டிட்டு மிஷனுக்குள்ள பிளேயரைக் கட்டிப்போடுறது. ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 இல ஊர் முழுக்க குதிரையில திரியலாம், மிஷன் தொடங்கின உடன சொன்ன பாதையை விட்டு விலகினா ஃபெயில். காசு கொட்டி செய்தவையே விட்ட பிழை எண்டதுக்காக நீங்களும் விடவேணுமெண்டில்லை.

தோத்தா கேம் ஓவர் எண்டு மட்டும் வைக்காதேங்கோ. டிஸ்கோ எலிசியம் எண்ட துப்பறியிற கேமில, ஒரு வேலை சரிவருமோ எண்டு உருட்டுற டைஸ் பிழைச்சாலும் கதை வேற பக்கத்தால போகும், சிலவேளை வெண்டதை விடப் பகிடியா இருக்கும்.

மற்றது, டெமோவை ஆருக்கும் விளையாடக் குடுத்துப்போட்டு பக்கத்தில இருந்து "அங்கால போகாதை" எண்டு சொல்லாதேங்கோ. அவன் எங்க போறான், அங்க போய் என்ன செய்யப் பாக்கிறான் எண்டு கொப்பியில எழுதுங்கோ, அடுத்து எழுதவேண்டிய சீன் அதுக்குள்ளதான் கிடக்கும்.