பழைய ராணுவத் துப்பாக்கியா, புதிய நகலா?

அமெரிக்காவிலிருந்து நாகர்கோவிலுக்கு விடுமுறையில் வந்த மைத்துனர் கேட்டார்: துப்பாக்கி சுடும் பயிற்சிக் களத்தில் சுட, அமெரிக்க ராணுவம் கழித்த 1911 என்ற பழைய மாடல் பிஸ்டல் வாங்கவா, அதே மாதிரி புதிதாகச் செய்ததை வாங்கவா? அடிக்கடி சுடுவதென்றால் புதியதுதான். முதல் உலகப்போர்க் கால ஸ்லைடுகள் (சுடும்போது முன்னும் பின்னும் நகரும் மேல்பகுதி) இன்றைய அளவுக்குச் சூடேற்றிப் பதப்படுத்தப்படாதவை, விரிசல் விடலாம். பழையதில்தான் ஆசை என்றால் விவரம் தெரிந்தவரிடம் துப்பாக்கிக் குழாயைக் காட்டி, ஸ்பிரிங்கையும் மாற்றிவிடுங்கள்.

தோட்டாவிலும் கவனம் வேண்டும். இரண்டாம் உலகப்போர்க் காலத் தோட்டாக்கள் பெரும்பாலும் குழாயில் உப்பைப் படியவிடும். குளச்சல் உப்புக்காற்றில் ஜன்னல் கம்பி என்ன ஆகிறது என்று நமக்குத் தெரியும்தானே? வெறும் எண்ணெய்க்கு அந்த உப்பு கரையாது. சுட்ட அன்றே வெந்நீரில் கழுவி, ஈரம் போக உலர்த்துங்கள். அப்புறம் எண்ணெய் போடலாம்.